ஜீப் ஒழுகிய வகையில் ஒரு கை

ஜீப் ஒழுகுவதற்கு முன்பே கை ஒடிந்துவிட்டது. இந்த வரிசையை மேற்குமலைத் தோட்டத் தொழிலாளர் நல வாரியத்தில் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒழுகல். கை திங்கட்கிழமைதான் பஸ் ஏறி வந்தது. முதலில் வந்ததை முதலில் பார்ப்பது வாரியத்தின் வழக்கம். ஆகவே கை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று.

கை அய்யாத்துரையுடையது. ஜீப் வாரியத்துடையது. மழை யாருடையது என்பதில்தான் பிறகு தகராறு வந்தது.

அய்யாத்துரை குமுளிக்கு மேலே, கேரளப் பக்கம், ஓர் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தான். ஆனி மாதம், சாரல் பிடித்துக்கொண்ட நாளில், நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறியவன் பாசியில் கால் வழுக்கிக் கீழே வந்தான். பெரிய உயரம் ஒன்றுமில்லை. வலது கையை ஊன்றி விழுந்ததால் முன்கை எலும்பு ஒடிந்துவிட்டது. தோட்டத்துக் கம்பவுண்டர் மூங்கில் தப்பை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார்.

"இது வழிக்குத்தான் தாங்கும். ஒரு வாரத்துக்குள்ள மதுரைக்குப் போயி படம் எடுத்து மாவுக்கட்டுப் போட்டுரு. அசந்தா எலும்பு அதுபாட்டுக்குக் கோணக்க மாணக்கக் கூடிக்கிரும்" என்றார்.

மதுரையில் வாரியத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்த எலும்பு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. வாரியத்தின் சீட்டோடு போனால் படுக்கை உண்டு, மாவுக்கட்டு உண்டு, குணமாகும் வரை அரைக்கூலியும் உண்டு. சீட்டில்லாமல் வேறு எங்கே கட்டுப் போட்டுக்கொண்டாலும் வாரியம் பொறுப்பல்ல. வாரியம் பொறுப்பில்லை என்றால் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் இருக்கிற ஒற்றை அறையும் போகும். அந்த அறையில்தான் அய்யாத்துரையும் அவன் பெண்டாட்டி அன்னத்தாயும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

அன்றைக்குப் பார்த்து வாரியத்தின் ஜீப் தோட்டத்தில் நின்றது. நல அலுவலர் வைகுண்டராஜ் தொழிலாளர்களின் நலம் விசாரிக்க வந்திருந்தார். முதலாளி பங்களாவில் விசாரித்து, அங்கேயே சாப்பிட்டு முடித்திருந்தார். ஜீப்பின் பக்கவாட்டில் 'தொழிலாளர் நலனுக்காக மட்டும்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. பின்பக்கம் இரண்டு பலாப்பழமும் ஒரு வாழைத்தாரும் மிளகு மூட்டையும் தொழிலாளர் நலனுக்காக ஏற்றப்பட்டிருந்ததால் அங்கே ஆள் உட்கார இடமில்லை. அய்யாத்துரையை முன்னால், டிரைவர் ஹனீபாவுக்கும் அலுவலருக்கும் நடுவில் சொருகினார்கள். அன்னத்தாய் சாயந்திரம் பஸ்ஸில் கம்பத்திலிருக்கிற தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்வதாக ஏற்பாடு.

மழை ஜீப்பை முன்னாலிருந்து அடித்தது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் மேல்மூலையில் பிடிப்பு விட்டுத் தொங்கியது. முதல் சொட்டு அய்யாத்துரையின் கன்னத்தில் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த சொட்டு அலுவலரின் டெரிலின் பேண்டில் விழுந்தது. வண்டி ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

"என்னய்யா ஹனீபா, வண்டி ஒழுகுது?"

உத்தமபாளையத்துக்காரனான ஹனீபா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "போன மழைக்கே சொன்னேன் சார். எழுதிக் குடுன்னீக. எழுதிக் குடுத்தேன். மழை நிக்கட்டும்னீக. நின்னுச்சு. நின்னதுக்கப்புறம் எதுக்குய்யா ரப்பருன்னீக."

வைகுண்டராஜ் பேண்டைத் துடைத்துக்கொண்டே அய்யாத்துரையைப் பார்த்தார். "உனக்கு ஒரு கை சும்மாத்தானப்பா இருக்கு. துண்ட வச்சு அந்த மூலைய அமுக்கிப் பிடிச்சுக்க."

அந்தக் கை சும்மா இருக்கவில்லை. ஒடிந்த கையை அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அலுவலர் சொல்லிவிட்டார். அய்யாத்துரை இடது கையைத் தூக்கித் துண்டோடு கண்ணாடி மூலையில் அமுக்கினான். ஒழுகல் நின்றது. ஒடிந்த கை மடியில் தனியாகக் கிடந்து ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே, அப்பப்பக் கைய எடுத்துக்கங்க. பேண்ட்டு நனைஞ்சாக் காஞ்சுரும்" என்று ஹனீபா மெல்லச் சொன்னான். அலுவலர் தொண்டையைக் கனைத்தார். அய்யாத்துரை கையை எடுக்கவில்லை.

லோயர் கேம்ப் வந்ததும் மழையைக் காணோம். கம்பம் முக்கில் அய்யாத்துரையை இறக்கிவிட்டு, "திங்கக்கிழமை அல்லிநகரம் ஆபீசுக்கு வா. சீட்டுப் போட்டுத் தர்றேன்" என்று அலுவலர் சொன்னார். அவர் பேண்ட் காய்ந்திருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் அன்னத்தாய் புருசனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். "ஆபீசரு நனையாம கொண்டாந்து சேத்தீகள்ல? அத எடுத்துச் சொல்லுங்க. சொல்லாட்டி எவனுக்குத் தெரியும்? நம்ம ஆளுகளுக்கு வாயே கெடையாது. அதான் எல்லாரும் ஏறி மிதிக்காக."

"அவுகளுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சாலும் சொல்லணும்."

தேனியை ஒட்டிய அல்லிநகரம் அலுவலகத்தில் தலைமை எழுத்தர் சுந்தர்ராஜ் இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அய்யாத்துரையை நிமிர்ந்து பார்த்தார். கையைப் பார்க்கவில்லை.

"சம்பவத்தன்னைக்கு ஜீப்புல வந்தது நீதானா?"

"ஆமாங்கய்யா."

"முன்கண்ணாடியத் தொட்டியா?"

அய்யாத்துரை பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"தொட்டனாவா? அமுக்கிப் பிடிச்சேங்கய்யா. மலை இறங்குற வரைக்கும் எடுக்கவே இல்ல. நம்ம ஆபீசரு அய்யா நனையக் கூடாதுல்ல."

"பலமாவா அமுக்குன?"

"உசுரக் குடுத்து அமுக்குனேங்கய்யா."

சுந்தர்ராஜ் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். அன்னத்தாய்க்கு மனசு குளிர்ந்தது. இத்தனை நாளில் தன் புருசன் சொன்னதை ஒருத்தர் பேனா வைத்து எழுதுவதை அவள் பார்த்ததில்லை.

எழுதி முடித்துவிட்டு அவர் விதியைச் சொன்னார். வாரியத்தின் வண்டிக்கு வெளிமாநிலத்தில் சேதம் ஏற்பட்டால் செலவு தலைமையகத்துடையது. நம் மாநிலத்தில் ஏற்பட்டால் கிளையுடையது. வண்டியில் ஏறிய பயனாளியால் ஏற்பட்டால் பயனாளியுடையது. மூன்றில் எது என்று தெரியும் வரை விசாரணை. விசாரணையில் இருக்கிற பயனாளிக்குச் சீட்டுக் கிடையாது.

"பயனாளின்னா யாருங்கய்யா?" என்று அய்யாத்துரை கேட்டான்.

"நீதான்."

"நான் என்னத்தங்கய்யா பயன்பட்டேன்?"

"அதுதான் விசாரணை முடியணும்கிறேன்."

உள்ளே வைகுண்டராஜ் அன்பாகவே பேசினார். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "அய்யாத்துரை, வாரியம் ஒன் கைக்கு எதிரி இல்லப்பா. வாரியம் இருக்கிறதே உன்ன மாதிரிக் கைகளுக்காகத்தான். நம்ம கிளையில இதுவரைக்கும் ஒரு கைக்குக்கூட உதவி மறுக்கப்பட்டது கெடையாது. ஏன்னா எந்தக் கையும் விசாரணையத் தாண்டி உள்ள வந்ததில்ல. அந்த நல்ல பேர நீ கெடுத்துரக் கூடாது."

"அய்யாதான அமுக்கச் சொன்னீக?"

"சொன்னேன். ஆனா உசுரக் குடுத்து அமுக்கச் சொன்னேனா?"

சொன்னாரா என்று அய்யாத்துரை யோசித்தான். சொல்லவில்லைதான்.

அடுத்த வாரம் நேரடிச் சோதனை வைத்தார்கள். சம்பவத்தை நடந்தது நடந்தபடி நடத்திக் காட்ட வேண்டும் என்பதால் அய்யாத்துரைக்கு ஆள்விட்டார்கள். சோதனைக் குழுவில் வைகுண்டராஜ், சுந்தர்ராஜ், அவர்களோடு ஒரு தொழில்நுட்ப உறுப்பினர். ரப்பர் விஷயம் தெரிந்தவர் வேண்டும் என்று தேடி, பஜாரில் ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுக்கிறவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் தொங்கிய ரப்பரை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, இதில் எழுத்து நிற்காது என்று அபிப்பிராயம் சொன்னார்.

மழை வேண்டுமே. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை தேனிக்கு வருவதில்லை. ஆடிக்காற்று மட்டும்தான் வரும். ஹனீபா அலுவலகத் தோட்டத்துப் பூவாளியில் தண்ணீர் பிடித்து வந்து ஜீப்பின் மேல் தெளித்தான். காற்று அந்தத் தண்ணீரைக் கண்ணாடியில் விழவிடாமல் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச் சாரியில் சைக்கிள் கடைக்காரர்மேல் போட்டது. அவர் எழுந்து வந்து கேட்ட கேள்விகளைக் குழு பதிவு செய்யவில்லை. பிறகு ஜீப்பைச் சுவர் மறைவில் நிறுத்திக் குடத்தால் ஊற்றினார்கள்.

குழுவினர் உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அய்யாத்துரை நடுவில். அன்றைக்குப்போலவே இடது கையால் மூலையை அமுக்கினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இப்பக் கைய எடு" என்றார் சுந்தர்ராஜ்.

எடுத்தான். தண்ணீர் சுந்தர்ராஜின் உச்சந்தலையில் விழுந்து மூக்குக் கண்ணாடி வழியாக இறங்கியது.

"வை."

நின்றது.

"எடு."

விழுந்தது.

சுந்தர்ராஜ் நனைந்த தாளில் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார்: "பயனாளி கை வைத்தால் ஒழுகவில்லை. பயனாளி கையை எடுத்தால் ஒழுகுகிறது. ஆகவே ஒழுகுவதும் ஒழுகாமல் இருப்பதும் பயனாளியின் விருப்பத்தைப் பொறுத்தது என்று தெரிகிறது."

வாசலில் நின்ற அன்னத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா எம் புருசனயே ஜீப்புல கட்டி வச்சுக்கங்க சாமி. மழைக்கு மழை அமுக்கிக்கிட்டே வரட்டும். ரப்பருச் செலவு மிச்சம்."

தொழில்நுட்ப உறுப்பினர் சிரித்துவிட்டார். சுந்தர்ராஜ் சிரிக்கவில்லை. 'பயனாளியின் மனைவி தெரிவித்த ஆலோசனை' என்று தலைப்பிட்டு அதையும் எழுதிக்கொண்டார். கம்பவுண்டர் சொன்ன ஒரு வாரம் அதற்குள் போய்விட்டிருந்தது.

கைக்குள் என்ன நடக்கிறது என்று அய்யாத்துரைக்குத் தெரிந்தது. வீக்கம் வடிந்தது. வடிந்தபோது, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது. அன்னத்தாய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி குறைந்துகொண்டு வந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"சின்னமனூருல எலும்புக்கட்டுக்காரரு இருக்காராம். தொட்டாலே தெரிஞ்சுக்கிருவாராம். வாங்க போவோம்" என்று அன்னத்தாய் தினமும் சொன்னாள்.

"போனாச் சீட்டுக் கெடைக்காது."

"சீட்டு வர்றதுக்குள்ள எலும்பு கூடிரும்."

"பேர அடிச்சுருவாக புள்ள. எங்கன போயிக் கெடப்போம்?"

அவர்கள் தங்கியிருந்த அன்னத்தாயின் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஆள் அதிகம்.

சோதனை அறிக்கையைத் தலைமையகம் திருப்பி அனுப்பிவிட்டது. எந்த மாநிலத்து மழை என்பது அதில் இல்லை. முதல் சொட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடித்தால் மாநிலம் தெரிந்துவிடும் என்று சுந்தர்ராஜ் யோசனை சொன்னார். அதனால் எல்லோருமாக ஜீப்பில் குமுளிக்குப் போனார்கள். பலத்த மழை. அய்யாத்துரை பழக்கத்தில் கையை மூலைக்குக் கொண்டுபோனான்.

"தொடாத. அது இப்ப சாட்சியம்" என்றார் சுந்தர்ராஜ்.

சாட்சியம் வழியாகத் தண்ணீர் கொட்டியது. வைகுண்டராஜ் ஜீப்புக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டார். குடைக்கம்பி ஹனீபாவின் காதில் குத்திக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் அவன், "சார், மோதுனா அது எந்த மாநிலம்னு இப்பவே சொல்லிருங்க" என்றான்.

மலை ஏறியதும் அய்யாத்துரையை இறக்கி, "எந்த இடத்துல மொதச் சொட்டு விழுந்துச்சு?" என்று கேட்டார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு வந்தவன். பாதையை அவன் பார்க்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் எலும்பு எப்படி இடித்தது என்பது உடம்பில் இருந்தது. எல்லைச் செக்போஸ்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மேடு இருந்தது. அதில் முன்சக்கரம் ஏறி இறங்கினபோது உயிர் போய் வந்தது. ஆத்தா என்று கத்தினான். கத்தின வாயோடு கன்னத்தில் சொட்டு விழுந்தது.

"இங்கனதாங்கய்யா. இங்கன வந்துதான் கத்துனேன்."

"கத்துனது வேண்டாம். சொட்டு?"

"கத்தும்போதுதான் சொட்டு."

சுந்தர்ராஜ் அளவு நாடாவோடு குனிந்தார். ஜீப்பை அதே மேட்டில் நிறுத்திப் பார்த்தார்கள். மாநில எல்லை ஜீப்பின் நடுவில் ஓடியது. கண்ணாடி தமிழ்நாட்டில் இருந்தது. பின்பாதி கேரளத்தில் இருந்தது.

"பலாப்பழம் இருந்த பக்கம் கேரளாவுல இருந்துருக்கு சார்" என்றான் ஹனீபா.

"பலாப்பழத்த எழுத வேண்டாம்" என்றார் வைகுண்டராஜ்.

செக்போஸ்ட்டில் இருந்த மலையாளி அதிகாரி குடையோடு வந்து விஷயத்தைக் கேட்டார். பொறுமையாகக் கேட்டு முடித்து, வானத்தைப் பார்த்தார். "மழ ஞங்ஙளுடெ தன்னெ. சம்மதிச்சு. ஜீப்பு நிங்ஙளுடெ அல்லே?" என்றார். மழையைத் தங்களுக்கும் ஜீப்பை வாரியத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அய்யாத்துரையின் கையைப் பார்த்து, "இவன்டெ கை என்தா இங்ஙனெ வளஞ்ஞிரிக்குன்னது?" என்று கேட்டார். கை ஏன் இப்படி வளைந்திருக்கிறது என்று கேட்ட முதல் அதிகாரி அவர்தான். ஆனால் அவருக்கு இந்தக் கையில் அதிகாரம் இல்லை.

சொட்டு விழுந்த நேரத்தில் ஜீப் இரண்டு மாநிலத்திலும் இருந்ததால் மாநில விதிகள் இரண்டும் பொருந்தாது என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது பயனாளி விதி. அதை எழுதுகிற நேரத்தில்தான், ஆவணி பிறந்ததும் வாரியத் தலைவர் கிளையைப் பார்வையிட வருகிறார் என்று தந்தி வந்தது. தலைவர் அந்த ஜீப்பில்தான் தோட்டங்களுக்குப் போவார்.

மறுநாள் காலையில் ஹனீபா ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். மெக்கானிக் பழைய ரப்பரை உருவிப் போட்டுவிட்டுப் புதிசை மாட்டினார். ஹனீபா வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ரப்பர் மாறிவிட்டது. செலவை எதில் எழுதுவது என்பதுதான் மாறாமல் இருந்தது. வண்டிக் கணக்கில் எழுதினால் விசாரணை முடியாமல் எப்படிச் செலவழித்தாய் என்று கேள்வி வரும். சுந்தர்ராஜ் ஒரு பகல் முழுக்க யோசித்தார். அவர் வேலை தெரிந்தவர். சாயந்திரம் அலுவலரின் அறைக்குப் போய்ச் சொன்னார்:

"சார், சம்பவத்தன்னைக்கு அந்த மூலையில இருந்தது பயனாளியோட கை. இப்ப அந்த இடத்துல இருந்து அதே வேலையச் செய்யிறது ரப்பர். ஒரு தொழிலாளியோட கை செஞ்ச வேலைய வேற ஒரு பொருள் செஞ்சா அதுக்கு நம்ம விதியில பேரு இருக்கு."

"என்ன பேரு?"

"செயற்கை உறுப்பு."

வைகுண்டராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

இப்படியாக அய்யாத்துரைக்குச் செயற்கைக் கை வழங்கப்பட்டது. கிளை தொடங்கிய நாளிலிருந்து தொடாமல் கிடந்த கணக்குத் தலைப்பில் முதல் செலவு விழுந்ததால் விழாவே வைத்துவிட்டார்கள். அலுவலக வாசலில் பந்தல் போட்டு, அதற்குக் கீழே ஜீப்பை மாலை போட்டு நிறுத்தினார்கள். அய்யாத்துரையை அதன் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலைவர் அவனுக்குச் சால்வை போர்த்தினார். சால்வை ஒடிந்த கையை மறைத்தது. புகைப்படக்காரர் அது நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

தலைவர் பேசினார்: "தோழர்களே, ஒரு காலத்தில் தொழிலாளியின் கை ஒடிந்தால் அவனுடைய வேலை அப்படியே நின்றுபோகும். இன்று நம் வாரியம் அப்படி விடுவதில்லை. இதோ நிற்கிற இந்தத் தொழிலாளி, தன் ஒற்றைக் கையால் வாரியத்தின் வண்டியைக் காப்பாற்றி வந்தார். அந்தப் பாரத்தை இன்று வாரியம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இனி எவ்வளவு மழை பெய்தாலும் இந்தக் கண்ணாடியைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. நாங்கள் இருக்கிறோம்."

ஹனீபா குடத்துத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிக் காட்டினான். உள்ளே சொட்டுக்கூட இறங்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அய்யாத்துரையால் தட்ட முடியவில்லை.

கடைசியில் தலைவர் தன் கையாலேயே சீட்டைக் கொடுத்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கான சீட்டுதான். விசாரணை முடிந்துவிட்டதே. அய்யாத்துரை அதை இடது கையால் வாங்க, "வலது கையால வாங்குப்பா, தலைவர் குடுக்குறாக" என்று யாரோ பின்னாலிருந்து அதட்டினார்கள்.

மதுரையில் டாக்டர் தப்பையை அவிழ்த்தார். கையைத் திருப்பச் சொன்னார். திரும்பவில்லை. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே நின்றது. ஒடிந்த நாளிலிருந்தே அய்யாத்துரை சாப்பிடுவது இடது கையால்தான். வலது கையில் சோறு எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் கொட்டிவிடும். அரிவாளைப் பிடித்துப் பார்த்திருந்தான். பிடி நிற்கவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு கூடிருச்சேப்பா. கோணலாக் கூடியிருக்கு. இத்தன நாளா என்ன செஞ்ச?"

"ஜீப்பு ஒழுகிக்கிட்டு இருந்துச்சுங்கய்யா."

டாக்டருக்கு விளங்கவில்லை. சீட்டைப் படித்தார். "இதுல 'ஒடிந்த கைக்குச் சிகிச்சை'ன்னு போட்டிருக்கு. ஒன் கை இப்ப ஒடிஞ்ச கை இல்ல. இத நேராக்கணும்னா திரும்ப ஒடச்சுத்தான் வைக்கணும். ஒடைக்கிறதுக்குன்னு வாரியத்துல வேற சீட்டு வாங்கிட்டு வா. சீக்கிரம் வா. நாளாக ஆக அதுவும் முடியாது."

அங்கிருந்தே பஸ் பிடித்து அல்லிநகரத்துக்கு வந்தார்கள். வைகுண்டராஜ் இந்தத் தடவை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். சுந்தர்ராஜையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார்.

"ஒடைக்கிறதுக்கு வாரியம் உதவ முடியாதுப்பா. கேக்கவே நல்லா இல்லையே. தொழிலாளி கைய ஒடைக்கிறதுக்கு நல வாரியம் சீட்டுக் குடுத்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாலு பேரு என்ன சொல்லுவாக? வாரியம் ஒடிஞ்ச கைக்குத்தான் உதவும்."

"அது ஒடிஞ்ச கைதாங்கய்யா. மொதல்ல ஒடிஞ்சது."

"அந்த ஒடிவுக்குத்தான் செயற்கை உறுப்பு குடுத்தாச்சே" என்றார் சுந்தர்ராஜ். "ஒரு ஒடிவுக்கு ஒரு உதவி."

அன்னத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரப்பர மாட்டுனவரு யாருங்கய்யா? அவருகிட்டயே எம் புருசன் கையவும் காட்டிப் பாக்கேன். வண்டிய டீ ஆறுறதுக்குள்ள சரி பண்ணிட்டாகளாம்ல."

சுந்தர்ராஜ் பேனாவை எடுத்து, பிறகு வைத்துவிட்டார்.

வைகுண்டராஜ் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "வழி இல்லாம இல்லப்பா. தோட்ட எல்லைக்குள்ள, வேலை நேரத்துல, வேலை செய்யும்போது கை ஒடிஞ்சிருந்தா அது புது ஒடிவு. அப்படி ஒண்ணு வந்துச்சுன்னா நானே முன்னால நின்னு அன்னைக்கே சீட்டுப் போட்டுத் தர்றேன். போன தடவை மாதிரித் தாமதம் ஆகாது. இப்பத்தான் ஜீப்பும் ஒழுகலையே."

அய்யாத்துரை டீயைக் குடித்து முடித்தான். கும்பிட வேண்டும்போல இருந்தது. இரண்டு கையும் சேரவில்லை. தலையை மட்டும் குனிந்துவிட்டு வெளியே வந்தான்.

தேனி பஸ் ஸ்டாண்டில் குமுளி வண்டி புறப்படத் தயாராக நின்றது. சின்னமனூருக்குப் போகிறவர்களும் அதில்தான் ஏற வேண்டும். ஏறி உட்கார்ந்தார்கள். அன்னத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "எலும்புக்கட்டுக்காரருகிட்டயே போயிருவோம். ஒடைக்கணும்னா அவரு ஒடைக்கட்டும். பேர அடிச்சா அடிச்சுட்டுப் போறாக. அறை போனாப் போகட்டும். எங்கனயாச்சும் ஒரு சாக்கக் கட்டிக்கிட்டுக் கெடப்போம். கேக்குதா?"

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நிழல் மரங்களில் எது எவ்வளவு உயரம் என்று அவனுக்குத் தெரியும்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்து நின்றார்.

"சின்னமனூரு ரெண்டு" என்றாள் அன்னத்தாய்.

"குமுளி ஒண்ணு" என்றான் அய்யாத்துரை.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

"என்னண்ணே கையில, ஒடிஞ்சிருச்சா?"

"இல்லங்க" என்றான் அய்யாத்துரை. "இனிமேத்தான் ஒடியணும்."